இளவேனில் தொடங்கும் துறைமுகம்: வாசகர் கேள்வி – பதில்

துறைமுகங்களைச் சுற்றிப் பறவை பார்ப்பது குறித்து வந்திருந்த கேள்விகளில், இளவேனிலின் தொடக்க வாரங்களுக்குப் பொருந்துபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: விடியற்காலையில் போனால்தான் பறவைகளைப் பார்க்க முடியும் என்று சொன்னார்கள். மூன்று முறை காலை ஆறு மணிக்கே துறைமுகத்துக்குப் போனேன். ஒரு முறை நூற்றுக்கணக்கான பறவைகள் இருந்தன. மற்ற இரண்டு முறையும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என்ன காரணம்?

பதில்: விடியற்காலை என்பது தோப்பிலும் காட்டிலும் பறவை பார்ப்பவர்களின் கணக்கு. கரையோரப் பறவைகளின் நாளை வகுப்பது சூரியனைவிட ஓதமே, அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமுமே. நீர் வற்றிச் சேற்றுத்திட்டுகள் வெளிப்படும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேயப் போகும். நீர் ஏறித் திட்டுகளை மூடியதும் அலைத்தடுப்புச் சுவரின் கற்களிலோ ஆளில்லாத இறங்குதளத்திலோ ஒன்றுகூடி ஓய்வெடுக்கும். வற்றும் நேரம் நள்ளிரவில் வந்தால் அவை நள்ளிரவிலும் மேயும்.

பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே ஒவ்வொரு நாளும் ஓதம் சுமார் 50 நிமிடங்கள் பிந்துகிறது. இன்று காலை ஆறு மணிக்கு நீர் உச்சத்தில் நின்றால், ஒரு வாரம் கழித்து அதே ஆறு மணிக்கு அது அநேகமாக முழுவதும் வற்றியிருக்கும். நீங்கள் ஒரே நேரத்துக்குப் போனாலும் மூன்று வெவ்வேறு துறைமுகங்களுக்குப் போய் வந்திருக்கிறீர்கள் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த முறை ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போய் உட்காருங்கள். ஏறும் நீர் தொலைவில் மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகளைச் சிறிது சிறிதாக உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்; நீங்கள் ஓரடிகூட நகர வேண்டியதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இன்னும் மிகுதி. அன்று வழக்கமாக ஒதுங்கும் திட்டுகளும் மூழ்கிவிடுவதால், தொலைவிலேயே இருக்கும் கூட்டங்கள்கூடச் சுவருக்கு வந்துவிடுகின்றன.

கடற்காகங்கள் மட்டும் இந்தக் கணக்குக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. மீன்பிடிப் படகுகள் திரும்பும் நேரம் எதுவோ அதுவே அவற்றின் நேரம்.

கேள்வி: படகுத்துறையின் கைப்பிடிக் கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் கடற்காகங்களில் ஒன்றுக்குத் தலை முழு வெள்ளை, ஒன்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு பொட்டு, ஒன்றுக்குப் பாதித் தலை கருப்பு. எத்தனை இனங்கள் என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: பெரும்பாலும் ஒரே இனமாக இருக்கும். இந்தப் பருவத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வியும் இதுதான். பல கடற்காக இனங்கள் ஆண்டுக்கு இருமுறை இறகு மாற்றுகின்றன. இனப்பெருக்கம் முடிந்தபின் சிறகு, வால் உட்பட எல்லா இறகுகளும் மாறும். இளவேனிலுக்கு முன் தலையிலும் உடலிலும் உள்ள இறகுகள் மட்டுமே மாறும். கருந்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் வெள்ளைத் தலையோடும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடும் இருக்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் நெற்றியிலும் கன்னத்திலும் மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றி, பிறகு அவை ஒன்றுசேர்ந்து முக்காடாகின்றன. எல்லாப் பறவைகளும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால், நீங்கள் பார்த்த கம்பியில் அந்த மாற்றத்தின் எல்லாப் படிகளும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கருந்தலைக் கடற்காகத்தின் தலை கருப்பல்ல. நல்ல வெயிலில் பார்த்தால் சாக்லேட் பழுப்பு. பழுப்புத்தலைக் கடற்காகம் என்று வேறோர் இனம் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. தலையை விட்டுவிட்டுக் கண்ணையும் சிறகையும் பாருங்கள். பழுப்புத்தலைக்கு வளர்ந்தபின் கண் வெளிறியிருக்கும். கருஞ்சிறகு நுனியில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். கருந்தலைக்குக் கண் கருமை. பறக்கும்போது சிறகின் முன்விளிம்பில் ஒரு வெள்ளை ஆப்பு நீளும்.

வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறிய கடற்காகங்கள் முழு வளர்ச்சியின் நிறத்தை அடைய இரண்டு ஆண்டுகளும், பெரியவை நான்கு ஆண்டுகளும் ஆகலாம். முதலாண்டுப் பறவையின் வால் நுனியில் கரும்பட்டை இருக்கும். சிறகில் பழுப்பு கலந்திருக்கும். நான் பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில், திட்டுத்திட்டாகப் பழுப்பேறிய ஒரு பெரிய கடற்காகத்தை அரிய விருந்தாளி என்று முடிவுசெய்து நான்கு பேருக்குச் சொல்லியும்விட்டேன். அது அந்தத் துறையிலேயே மிகச் சாதாரணமான இனத்தின் இரண்டாம் ஆண்டுப் பறவை. அன்றிலிருந்து புதிய பெயரை எழுதுவதற்கு முன் வால் நுனியைப் பார்த்துவிடுகிறேன்.

உள்ளான்கள், உப்புக்கொத்திகள், கடற்காகங்களின் உறவான ஆலாக்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். குளிர்காலம் முழுவதும் வெளிறித் திரிந்த மீசை ஆலாவுக்கு உச்சந்தலையும் வயிறும் கருக்கத் தொடங்கும். சாம்பல் உப்புக்கொத்தியின் மார்பில் கருமை திட்டுத்திட்டாக இறங்கும். பறவைக் கையேட்டில் உள்ள குளிர்கால, இனப்பெருக்கக்காலப் படங்கள் இரண்டில் எதிலும் சேராத பறவையைப் பார்த்தால், அந்த இரண்டுக்கும் நடுவே அதை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எட்டு மடங்கு பைனாகுலர் வாங்கலாமா, பத்து மடங்கா?

பதில்: எட்டு. துறைமுகத்தில் காற்று ஓயாது. பத்து மடங்கில் பறவையோடு சேர்ந்து உங்கள் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். 8x42 என்று குறித்திருந்தால், முதல் எண் பெருக்கத்தையும் இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் சொல்கின்றன. தொலைவில் உள்ள சேற்றுத்திட்டைத் துழாவ வேண்டுமென்றால் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கிதான் வழி. எதை வாங்கினாலும் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காராவிட்டால் எல்லாப் பறவையும் நிழலுருதான்.

கேள்வி: கற்சுவரில் அமர்ந்திருந்த கடற்காகத்தின் அலகு நுனியில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது தலையை உதறியது. நோயா?

பதில்: இல்லை, அது உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தது. கடற்காகங்களுக்குக் கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் குழிவில், இரண்டு உப்புச் சுரப்பிகள் உள்ளன. உணவோடும் குடிநீராகவும் உள்ளே போகும் கடல்நீரின் உப்பை அவை இரத்தத்திலிருந்து பிரித்து, கடல்நீரைவிடச் செறிந்த கரைசலாக நாசித்துளைகளின் வழியே விடுகின்றன. அது அலகின் வழியே இறங்கி நுனியில் துளியாக நிற்கும். சிறுநீரகம் மட்டும் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தால் கடல்நீரைக் குடித்து வாழ்வது அவற்றுக்கு இயலாது. 1950களின் பிற்பகுதியில் நூட் ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியல் அறிஞர் நீர்க்காகங்களில் நடத்திய ஆய்வில்தான் இந்தச் சுரப்பிகளின் வேலை தெளிவாயிற்று. அதுவரை கடற்பறவைகள் கடல்நீரைக் குடிக்கின்றனவா என்பதே வாதமாக இருந்தது.

கேள்வி: கூட்டமாக நிற்கும் உள்ளான்களை நோக்கி நடந்தால் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து, வட்டமடித்து, மீண்டும் அதே இடத்தில் இறங்குகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. என் மகன் திரும்பத் திரும்ப அதைச் செய்யச் சொல்கிறான். இதனால் பறவைகளுக்குத் தீங்கு உண்டா?

பதில்: உண்டு, இந்த வாரங்களில் மிகுதியாகவே உண்டு. உங்கள் மகனிடம் காரணத்தோடு சொன்னால் அவனே நிறுத்திவிடுவான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பறவைகள் வடக்கே நெடுந்தூரம் போகவிருக்கின்றன. புறப்படுவதற்கு முந்தைய சில வாரங்களில் அவை இடைவிடாமல் தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. நெடும்பயணம் போகும் பட்டைவால் மூக்கன் என்னும் கரையோரப் பறவையின் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகவே இருக்கும் அளவுக்கு அது சேர்த்துவிடுகிறது; வழியில் சுமையாகும் குடல் போன்ற உள்ளுறுப்புகள் புறப்படும் முன் சுருங்கியும் விடுகின்றன. 2007 மார்ச்சில், செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு இ7 என்று குறிக்கப்பட்ட ஒரு பெண் மூக்கன், நியூசிலாந்திலிருந்து கிளம்பி மஞ்சள் கடலின் வடகரை வரை 10,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஒருமுறைகூட இறங்காமல் சுமார் எட்டு நாட்களில் கடந்தது. அங்கே சில வாரங்கள் மேய்ந்து எரிபொருளை நிரப்பிக்கொண்ட பிறகே அது அலாஸ்காவில் உள்ள இனப்பெருக்க இடத்துக்குப் போனது.

கற்சுவரில் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகிறகில் செருகிக்கொண்டு உறங்குவதுபோல் தெரியும் பறவை, தின்றதைக் கொழுப்பாக மாற்றும் வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது; நீர் உச்சத்தில் இருக்கும்போது வேறு இடமும் இல்லாததால்தான் அவை மீண்டும் அதே இடத்தில் இறங்குகின்றன. பறவைகள் எழுவதற்கு முன்பே எச்சரிக்கை தெரியும்: உறங்கியவை அலகை வெளியே எடுக்கும், கழுத்துகள் நீளும், ஓரத்தில் நிற்பவை இரண்டடி நடக்கும். அதைக் கண்ட இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நீங்கள் உட்கார்ந்தால் கழுத்துகள் மெல்ல மெல்ல மீண்டும் சுருங்கும். அதைப் பார்ப்பதும் உங்கள் மகனுக்குப் பிடிக்கலாம்.

கேள்வி: ஓர் உள்ளானின் காலில் நிற வளையமும் சிறு கொடியும் பார்த்தேன். யாருக்குச் சொல்வது?

பதில்: முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, நிறங்கள் மேலிருந்து கீழாக எந்த வரிசையில், கொடியில் எழுத்தோ எண்ணோ உண்டா. இடக்கால் வலக்கால் குழப்பம் எல்லோருக்கும் வரும். பறவையின் இடதுதான் கணக்கு, பார்ப்பவரின் இடது அல்ல. படம் எடுக்க முடிந்தால் நல்லது. பிறகு உங்கள் நாட்டில் வளையமிடும் பணியை நடத்தும் அமைப்புக்கு நாள், இடம் ஆகியவற்றோடு எழுதுங்கள். பறவை எந்த நாட்டில் பிடித்து விடப்பட்டது என்பதைக் கொடியின் நிறச்சேர்க்கை சொல்லிவிடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் 1899இல் மைனா இனப் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டதிலிருந்து முறைப்படியான இந்தப் பணி தொடங்கியது. 1995இல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் வளையமிடப்பட்ட, பி95 என்னும் கொடியுடைய செம்மார்பு உள்ளான் ஒன்று 2014 வரை காணப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அமெரிக்கக் கண்டங்களின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வந்தது நமக்குத் தெரிந்ததே, கரையில் நின்ற யாரோ கொடியைப் படித்து எழுதி அனுப்பியதால்தான்.

கேள்வி: வளர்ந்த ஆலா ஒன்று மற்றொரு வளர்ந்த ஆலாவுக்கு மீனை ஊட்டியது. குஞ்சுக்குத்தானே ஊட்டும்?

பதில்: அது பெண் பார்க்கும் படலம். ஆண் மீனைக் கொண்டுவந்து நீட்டும். பெண் உடலைத் தாழ்த்தி, சிறகைச் சற்றுத் தொங்கவிட்டு, குஞ்சுபோலவே கெஞ்சும். எத்தனை மீன் கொண்டுவருகிறான் என்பதிலிருந்து, பிறகு குஞ்சுகளுக்கு எப்படி ஊட்டுவான் என்பதையும் அவளால் கணிக்க முடிகிறது. சில வேளை ஆண் மீனைக் காட்டிவிட்டுத் தானே விழுங்கிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

கேள்வி: சேற்றில் ஓடும் சிறிய பழுப்புப் பறவைகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: நிறத்தில் தொடங்காதீர்கள், இந்த மாதங்களில் அது வாரத்துக்கு வாரம் மாறும். எப்படித் தின்கிறது என்று பாருங்கள். நான்கடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கணம் உற்றுப் பார்த்து, ஒரு கொத்து, மீண்டும் ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. அதற்குப் பெரிய கண்ணும் குட்டையான அலகும் இருக்கும். நிற்காமல் நடந்தபடி அலகைத் தையல் இயந்திரத்தின் ஊசிபோலச் சேற்றில் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அலகு நுனியின் உணர்வாலேயே சேற்றுக்குள் இருப்பதை அறிகிறது. பாசி படிந்த படித்துறையில் சிறு கற்களையும் கடற்பாசியையும் அலகால் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் கல்திருப்பி. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே பறவையைப் பத்து நிமிடம் பாருங்கள். அது பறவைதானா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உறங்கும் வாத்து என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஒன்று, நீர் வற்றியபோது கயிற்றோடு சாய்ந்து மிதவையாகிவிட்டது.