பழைய பெட்டியில் இருந்து புதுப் பெட்டிக்கு: வாசகர் கேள்வி பதில்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதைத்தான் இந்தமுறை வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். லினக்ஸ் உள்ள ஒரு கணினியில் இருப்பதை இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டுபோவது? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் பழைய லாப்டொப்பில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. தம்பி புதியது ஒன்று அனுப்பினார், அதிலும் உபுண்டுதான் போட்டேன். எல்லாவற்றையும் பென்ட்ரைவில் கொப்பி பண்ணிக் கொண்டுபோனேன். பயர்பொக்ஸில் சேமித்த கடவுச்சொற்கள் வரவில்லை. வினாத்தாள்கள் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. ஒரு வீடியோ பென்ட்ரைவில் ஏறவே இல்லை. எங்கே பிழை விட்டேன்?
ஆசிரியை ஒருவர், முழங்காவில்

பதில்: ரீச்சர், பிழை உங்களுடையது இல்லை. மூன்று கோளாறுக்கும் மூன்று காரணம்.

வீடியோவை முதலில் பார்ப்போம். கடையில் வாங்கும் பென்ட்ரைவ் பலதும் ஃபாட் 32 என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டவை. அதில் 4 கிகாபைட்டை எட்டும் தனிக்கோப்பு ஏறாது. பென்ட்ரைவில் 20 கிகாபைட் காலியாக இருந்தாலும் ஏறாது.

கடவுச்சொற்கள் மறைந்த கோப்புறைக்குள் இருக்கின்றன. லினக்ஸில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் அந்தக் கோப்புறை கண்ணுக்குத் தெரியாது. கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்திப் பாருங்கள். இவ்வளவு நாளும் இல்லாத பத்துப் பதினைந்து கோப்புறைகள் திடீரென்று வந்து நிற்கும். உங்கள் அமைப்புகள், எழுத்துருக்கள், மின்னஞ்சல் எல்லாம் அங்கேதான். உபுண்டு 22.04 தொடக்கம் பயர்பொக்ஸ் ‘ஸ்னாப்’ என்ற புதுவகைப் பொதியாக வருவதால் அதன் கோப்புறை ‘ஸ்னாப்’ என்ற கோப்புறைக்கு உள்ளே போய்விட்டது. பழையதில் ஓரிடம், புதியதில் வேறிடம். பயர்பொக்ஸின் உதவிப் பட்டியலில் சிக்கல் தீர்க்கும் தகவல் என்ற பக்கம் இருக்கிறது. அதைத் திறந்தால் புரொபைல் கோப்புறை எங்கே இருக்கிறதென்று காட்டும். இரண்டு கணினியிலும் பயர்பொக்ஸை மூடிவிட்டு, பழைய புரொபைலுக்குள் இருக்கும் அனைத்தையும் புதியதற்குள் போடுங்கள். கடவுச்சொல் ஒரு கோப்பிலும் அதைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருப்பதால், பொறுக்கி எடுத்தால் ஒன்று விடுபட்டுப் போகும்.

வினாத்தாள்களின் கதை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். பாமினி ஒரு வேஷம் மட்டும்தான். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று நீங்கள் அடித்தது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். பழைய லாப்டொப்பில் பாமினிக் கோப்பைத் தேடி எடுத்து, புதியதில் மறைந்த ‘லோக்கல்’ கோப்புறைக்குள் ‘ஷெயார்’, அதற்குள் ‘ஃபொன்ட்ஸ்’ என்று ஒன்று உண்டாக்கி அதிலே வைத்தால் போதும். லிப்ரே ஒபிசை மூடித் திறக்கத் தமிழ் வந்துவிடும். புதிதாக எழுதுவதை இனி யுனிகோடிலேயே எழுதுங்கள். ரெங்கநாதன் விசைப்பலகை, லினக்ஸில் தமிழ் தட்ட உதவும் ஐபஸ் மென்பொருளில் கிடைக்கிறது, கை பழக ஒரு கிழமை போதும்.

சரி, இனிச் சரியான வழி. பென்ட்ரைவை விடுங்கள். இரண்டு லாப்டொப்பையும் ஒரு நெட்வேர்க் வயரால் நேரே கொழுவுங்கள். தனியான குறுக்கு வயர் தேட வேண்டியதில்லை, இப்போதைய கருவிகள் சாதாரண வயரிலேயே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். புதியது மெல்லிய லாப்டொப்பாக இருந்து வயர் துளை இல்லாவிட்டால், யூஎஸ்பியில் கொழுவும் அடப்டர் ஒன்று வேண்டும். பழையதற்கு 10.0.0.1, புதியதற்கு 10.0.0.2 என்று முகவரி கொடுங்கள். பழையதில், மற்றக் கணினியை உள்ளே வரவிடும் ஓப்பன் எஸ்எஸ்எச் சேர்வரை நிறுவுங்கள். பிறகு புதியதில் உங்கள் பெயரிலேயே நுழைந்து, கோப்புகளைக் கொப்பி பண்ணும் ஆர்சிங்க் கட்டளையால் பழையதில் இருப்பதை இழுங்கள். இப்படி இழுத்தால் வரும் கோப்புகள் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ‘அனுமதி இல்லை’ என்ற தொல்லை வராது.

அந்தக் கட்டளைக்குப் பின்னால் கோடு போட்டு ஏ, வி, பெரிய பி (-avP) ஆகிய மூன்று எழுத்துகளும் வேண்டும். ஏ எழுத்து திகதி, அனுமதி, குறியீட்டு இணைப்புகள் ஆகியவற்றைப் பிடித்து வைக்கும். பெரிய பி பாதியில் நின்ற கோப்பை வீசாமல் வைத்திருக்கும். முதல் தடவை இவற்றோடு ‘என்’ (n) என்ற எழுத்தையும் சேர்த்து ஓட விடுங்கள். அப்போது அது எதையும் கொப்பி பண்ணாது, என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும். வடிவாக வாசித்துப் பார்த்துவிட்டு அந்த ‘என்’ எழுத்தை எடுத்துவிடுங்கள். இன்னொரு கவனம்: பழைய கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் அதன் உள்ளே இருப்பது வரும். போடாவிட்டால் கோப்புறையே வந்து உட்காரும். ‘ஆவணங்களுக்குள் இன்னொரு ஆவணங்கள் ஏன் வந்தது’ என்று என்னிடம் வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் சாய்கோடுதான் காரணம்.

‘கேஷ்’ என்ற மறைந்த கோப்புறையை விட்டுவிடலாம். ‘கொன்ஃபிக்’ கோப்புறையையும் முழுதாக அள்ளவேண்டாம். பழைய பதிப்பின் திரை அமைப்புகள் புதியதோடு முட்டும்.

ஆர்சிங்க் 1996இல் அவுஸ்திரேலியாவில் அன்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கெராஸ் என்ற இருவர் வெளியிட்ட மென்பொருள். இணைப்புகள் மிக மெதுவாக இருந்த காலம் அது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும் என்ற யோசனையில் எழுதியிருக்கிறார்கள். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்களில் அதன் அருமை எனக்கு விளங்கியது. கரண்ட் போய் ரூட்டர் நின்றால் கொப்பியும் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் அதே கட்டளையைத் திரும்ப ஓடவிட்டால், முடிந்தவற்றைத் தாண்டி, விட்ட இடத்துக்கு வந்து சேரும்.

மென்பொருள்களை இழுத்துக்கொண்டுவர வேண்டாம். பழையதில் ஏப்ட் மார்க் என்று தட்டி ஷோ மனுவல் என்று சேர்த்தால், கணினியை அமைத்த நாளில் இருந்து நிறுவியவற்றின் பட்டியல் வரும். அதைப் பார்த்துத் தேவையானதைப் புதியதில் நிறுவுங்கள்.

எல்லாம் முடிந்தபிறகு வினாத்தாளில் ஒன்று, படங்களில் ஒன்று, வீடியோவில் ஒன்று என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து பாருங்கள். பழைய லாப்டொப்பை இரண்டு மாதம் அலுமாரிக்குள் வையுங்கள் ரீச்சர். யாருக்கும் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸில் இருந்த ஆவணங்களை லினக்ஸுக்குக் கொப்பி பண்ணும்போது சிலவற்றுக்கு மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்று வருகிறது. ஆங்கிலப் பெயர் உள்ளவை போகின்றன, தமிழ்ப் பெயர் உள்ளவைதான் நிற்கின்றன. லினக்ஸுக்குத் தமிழ் ஆகாதா?
மல்லாவி வாசகர்

பதில்: தமிழ் நன்றாக ஆகும். கணக்குத்தான் வேறு. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 எழுத்துக்குறி வரை விடும். லினக்ஸ் 255 பைட் வரை விடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். புள்ளியும் அரவும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் ‘அம்மா’ என்ற சொல்லே 15 பைட் ஆகிவிடும். ஏறக்குறைய 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். ‘தரம் பதினொன்று இரண்டாம் தவணை வரலாறு பகுதி இரண்டு விடைகளுடன் திருத்தியது’ என்று பெயர் வைத்தாலே 200 பைட்டை நெருங்கிவிடும், இன்னும் சில சொல் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். விண்டோஸிலேயே பெயரைச் சுருக்கிவிட்டுக் கொப்பி பண்ணுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு எட்டுப் பழைய கணினிகள் கிடைத்துள்ளன. ஒன்றில் லினக்ஸ் போட்டு, தமிழ் எழுத்துரு, படிப்பு மென்பொருள் எல்லாம் சேர்த்துவிட்டேன். மற்ற ஏழுக்கும் ஒவ்வொன்றாக மினக்கெட வேண்டுமா?
ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தேவையில்லை தம்பி. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளைப் பென்ட்ரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். ஆயத்தம் செய்த வன்தட்டை ஒரு படிமமாக வெளி வன்தட்டில் சேமிக்கலாம். பிறகு அந்தப் படிமத்தை ஏழிலும் இறக்கலாம். அது பொருள் இருக்கும் இடங்களை மட்டும்தான் எடுக்கும். 500 கிகாபைட் தட்டில் 20 மட்டும் நிரம்பியிருந்தால் அந்த 20ஐத்தான் கொப்பி பண்ணும்.

ஆனால் இறக்கும் தட்டு மூலத்தட்டை விடச் சிறியதாக இருக்கக்கூடாது. எட்டிலும் ஆகச் சிறிய வன்தட்டு எதிலே என்று பார்த்து, அதையே மூலமாக ஆயத்தம் செய்யுங்கள். ஏற்கெனவே பெரியதில் செய்துவிட்டீர்கள் என்றால் ஒரு நாள் வேலை வீண்தான், ஆனாலும் சிறியதில் திரும்பச் செய்வதே சுகம். பழையவற்றில் சில பயோஸ் முறையிலும் சில யூஈஎஃப்ஐ முறையிலும் தொடங்கும். ஒன்றில் எடுத்த படிமம் மற்றதில் எழும்பாது. முதலே எல்லாவற்றையும் பார்த்து ஒரே முறைக்கு மாற்றுங்கள்.

இறக்கியபிறகு எட்டும் ஒரே பெயரோடு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் வையுங்கள். ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘மெஷின் ஐடி’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதன் உள்ளே இருப்பதை அழித்து வெறுமையாக விட்டால், அடுத்த முறை தொடங்கும்போது கணினி தனக்கென்று புதிய எண் போட்டுக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் சில நேரம் ரூட்டர் இரண்டு கணினிக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடும், பிறகு ஒன்று வேலை செய்யும்போது மற்றது நின்றுபோகும். எஸ்எஸ்எச் போட்டிருந்தால் அதன் சாவிகளையும் ஒவ்வொன்றிலும் புதிதாக உண்டாக்குங்கள்.

கேள்வி: கொப்பி முடிந்தது என்று காட்டியதும் பென்ட்ரைவைக் கழற்றினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கோப்பு பழுது. ஏன்?
பரந்தன் வாசகி

பதில்: லினக்ஸ் முதலில் நினைவகத்தில் எழுதிவிட்டு முடிந்தது என்று சொல்லும். பென்ட்ரைவுக்குள் அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். ‘வெளியேற்று’ என்பதை அழுத்தி, கழற்றலாம் என்று சொல்லும்வரை பொறுங்கள். பெரிய வீடியோ என்றால் சில நிமிடங்கள் ஆகும்.

கேள்வி: என் கணினியின் வன்தட்டு டிக், டிக் என்று சத்தம் போடுகிறது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து வரும்போது உரப்பையோடு போன படங்கள் போக, மிஞ்சியவற்றை உறவினர் அனுப்பி இதில் வைத்திருந்தேன். இறந்துபோன மனைவியின் படங்களும் இதில்தான். நானே எப்படிக் கொப்பி எடுப்பது?
ஓய்வுபெற்றவர், நெடுங்கேணி

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை வாசித்ததும் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். கணினியை நிறுத்துங்கள். இன்னொரு தடவை தொடக்கிப் பார்க்கவேண்டாம். அந்தச் சத்தம் வாசிக்கும் முனை இடத்தைப் பிடிக்கமுடியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிற சத்தம். தேடும் ஒவ்வொரு தடவையும் இருப்பது குறையலாம்.

யாராவது, தட்டை அப்படியே கொப்பி பண்ணும் டிடி என்ற கட்டளையால் எடுத்துத் தருகிறேன் என்றால் விடாதீர்கள். நல்ல தட்டுக்கு அது சரி. பழுதான இடத்தில் அது நின்றுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை நானே அனுபவித்தேன். லினக்ஸ் தட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். அடுத்தமுறை தொடங்கும்போது அந்தப் பெயர்கள் இடம்மாறலாம். 2017இல் ஓர் இரவு, நேற்றுப் பார்த்த பெயர்தானே என்று நினைத்து டிடியை ஓடவிட்டேன். இருபது விநாடியில் விளங்கி நிறுத்தினேன். அதற்குள் என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இருந்த தட்டின் தலைப்பகுதி போய்விட்டது. ஃபோட்டோரெக் என்ற மென்பொருளால் படங்களில் பெரும்பகுதியை மீட்டேன். ஆனால் பெயரும் கோப்புறையும் இல்லாமல், எண்களாகத்தான் வந்தன. அன்றிலிருந்து தட்டின் மேலே ஒட்டியிருக்கும் தொடர் எண்ணைத் தாளில் எழுதி, திரையில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தபிறகுதான் என்டர் விசையைத் தொடுவேன்.

உங்கள் தட்டுக்கு டிடி ரெஸ்கியூ என்ற மென்பொருள் வேண்டும். அது முதலில் சுகமாக வாசிக்கக்கூடிய இடங்களை எல்லாம் எடுத்துவிடும். கஷ்டமான இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். கரண்ட் போனாலும் அந்த வரைபடம் இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில தட்டு ஒரு மணித்தியாலத்தில் முடியும். சிலதற்கு நான் நான்கு நாள் காவல் இருந்திருக்கிறேன். எடுத்த கொப்பியில்தான் மற்ற வேலை எல்லாம், மூலத்தட்டை அதற்குப் பிறகு தொடுவதில்லை. முனை முற்றாகப் பழுதாகியிருந்தால் இந்த மென்பொருளும் உதவாது. தட்டைத் திறக்க, தூசி இல்லாத அறை உள்ள இடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். எது என்று பார்த்தபிறகுதான் சொல்லலாம்.

பெட்டியை முழுதாகத் தூக்கி வரவேண்டாம். பக்கத்தில் தெரிந்த பெடியன் யாரும் இருந்தால் வன்தட்டை மட்டும் கழற்றச் சொல்லுங்கள், நான்கு ஆணிதான். பழைய துவாயில் சுற்றி, ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, மாங்குளத்தில் பஸ் மாறும்போதும் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும்.