தாத்தாவின் ரேலிக்குச் சாமான் கிடைக்குமா?

கேள்வி: பர்மாவின் பெகுவில் இருக்கிறோம். தாத்தா ஓட்டிய ரேலி சைக்கிளை மறுபடி ஓட வைக்க ஆசை. கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம், மூன்று கியர். கடைகளில், “சாமான் வராது, சக்கரத்தோடு மாற்றிவிடலாம்” என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் ரேலி என்று கேட்டீர்கள். அவரிடம் ரேலி இல்லை, அவ்வளவுதான். சீனாவின் ஃபிளையிங் பிஜன் 1950இல் வந்தது. அதுவே இந்த ஆங்கிலேய சைக்கிளைப் பார்த்துச் செய்ததுதான். அதனால் பிரேக் கட்டை, செயின், பெடல், டயர் எல்லாம் சீனச் சாமானிலேயே தேறும். பெயரைச் சொல்லாமல், கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணாடி போட்ட கடைக்குப் போகும் முன், சைக்கா (ஆள் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள்) பழுதுபார்ப்பவரிடம் போங்கள். கனத்த சைக்கிளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர் அவர்தான்.

டயரில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 28 என்று போட்டதெல்லாம் உங்கள் 28 அல்ல. பக்கவாட்டில் 635 என்ற எண் இருக்க வேண்டும். 622 என்றிருந்தால் அது வேறு ரிம்முக்கு உரியது.

கியர்தான் முக்கியம். அது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி கியராகத்தான் இருக்கும். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் துடைத்துப் பாருங்கள், பெயரும் பெரும்பாலும் செய்த ஆண்டும் பொறித்திருக்கும். அழுத்தி மிதிக்கும்போது பெடல் சும்மா சுற்றுகிறதென்றால் உடனே உடைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் கியர் கேபிள் தளர்ந்ததுதான் காரணம். இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியாகப் பாருங்கள்: உள்ளே தெரியும் மெல்லிய கம்பியின் தோள், ஆக்ஸில் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். நிற்கும்வரை கேபிளின் திருகைத் திருப்புங்கள். ஹப்பின் எண்ணெய்த் துளையில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும்.

கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆடினால், அதை அச்சோடு பிடித்து நிறுத்தும் காட்டர் பின் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். பழையதை அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். ரேலிக்கு வழக்கமாக 9.5 மில்லிமீட்டர். அடித்துக் கழற்றும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். முட்டு இல்லாமல் அடிக்கும் அடியெல்லாம் பால்ரஸ் குண்டுகளின் மேல்தான் விழும்.

உண்மையிலேயே கிடைக்காதது கிராங்க் அச்சின் கப், அதாவது பால்ரஸ் குண்டுகள் ஓடும் கிண்ணம். மற்ற ஆங்கிலேய சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 புரி. ரேலி 26 வெட்டியது. “முறுக்கினால் ஏறிவிடும்” என்பார்கள். ஏறும், பிரேமின் புரியை அழித்துக்கொண்டு. கப் நன்றாக இருந்தால் பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டுகளைப் புதிதாகப் போட்டாலே போதும். குழி விழுந்திருந்தால் பழைய இரும்புக் கடையில் இன்னொரு ரேலியைத் தேடுங்கள். ரேலி ஆலையில் செய்த ஹம்பர், ரட்ஜ் என்றாலும் சரி. முழுசாகவே வாங்குங்கள். கப்பை மட்டும் கேட்டால் உளி வைத்து அடித்துத்தான் தருவார்கள். வலப்பக்கக் கப் இடப்புரி கொண்டது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.