மனோகரா அழைப்பிதழில் யார் பெயர்?

சேலத்தில் பள்ளிப் பிள்ளைகள் போடும் 'மனோகரா' நாடகத்தின் அழைப்பிதழில் நாடக ஆசிரியராகக் கலைஞர் பெயரைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 'நாடக ஆசிரியர்' என்ற இடத்தில் பம்மல் சம்பந்த முதலியார் பெயரைப் போடுங்கள். கலைஞர் எழுதியது 1954 படத்தின் திரைக்கதை வசனம். நாடகம் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. பம்மலார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவின் மேடைக்கு எழுதியது.

குழப்பம் ஏன் என்றால், சேலத்தில் கலைஞர் என்றாலே ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனமும் அது எடுத்த 'மந்திரி குமாரி'யும்தான் நினைவுக்கு வரும். 'மந்திரி குமாரி' அவர் எழுதிய நாடகமே படமானது. மனோகராவையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் மனோகரா ஜுபிடர் பிக்சர்ஸ் படம். அதனால் அழைப்பிதழில் மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகள் கையில் இருக்கும் பிரதியைப் பாருங்கள். மனோகரன் சங்கிலியால் கட்டுண்டு நிற்கும் காட்சியில் அவன் தாய் 'பொறுத்தது போதும்' என்று பொங்கினால் அது பட வசனம். வடமொழி கலந்த பழைய உரைநடையாக இருந்தால் பம்மலாருடையது.

பள்ளி நாடகப் பிரதிகளில் இரண்டும் கலந்திருப்பது சகஜம். அப்படியானால் 'மூல நாடகம்: பம்மல் சம்பந்த முதலியார், திரை வசனம்: மு. கருணாநிதி' என்று இருவரையும் போடுங்கள். தமிழ் மேடையில் உரைநடைக்கு இடம்பிடித்துக் கொடுத்தவர் பம்மலார். அவர் பெயர் விடுபடவே கூடாது.