கேள்வி கேட்கும் விதத்தால் சாட்சியின் நினைவு மாறுமா?

மாறும். 1974-இல் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும், "இடித்தபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டார்கள். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரையும் கேட்டபோது, "ஆமாம்" என்றவர்கள் முறையே 16, 7, 6 பேர்.

படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! முதல் குழுவிலும் 34 பேர் ஏமாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏமாந்தவர்கள் பொய் சொன்னதாகவும் கொள்ள முடியாது. கேள்வியில் ஒளிந்திருந்த தகவல், கண்ணால் கண்டதோடு கலந்துவிட்டது. அதனால் விசாரிப்பவர் முதலில் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டு, குறுக்கிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை சாட்சிகளைத் தங்களுக்குள் பேசவும் விடக்கூடாது.