கல்வெட்டில் எந்த அம்மாவை எழுதுவது?

கேள்வி: சென்ற மாதம் எண்பத்தேழு வயதில் காலமான என் தாயார், கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி முடித்து, 1960 முதல் 1998 வரை யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிராமப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தவர். அந்தியேட்டியன்று, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியையன்று, வெளியிடவுள்ள கல்வெட்டு என்ற நினைவு மலரில் மகள் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சகோதரர்கள் கேட்கின்றார்கள். எழுத உட்கார்ந்தால் புகழ்ச்சிதான் வருகின்றது. உள்ளே இருப்பதோ ஒரு மனக்குறை. போரால் வலிகாமமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, அப்போது பதில் அதிபராக இருந்த அம்மா, எங்கள் குடும்பப் படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, பாடசாலையில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவேடான சேர்விடாப்பைச் சீலையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் ஐயாவின் படம் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. இதை எழுதலாமா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: எழுதுங்கள், அதையே முதலில் எழுதுங்கள். ஏணியும் தோணியும் மெழுகுவர்த்தியும் ஆயிரம் ஆசிரியர்களுக்கு எழுதியாகிவிட்டது. சீலையில் சுற்றிய சேர்விடாப்பு உங்கள் அம்மா ஒருவருக்கே உரியது.

ஆனால் மனக்குறையை எழுதும்போது அந்த இடாப்பு என்னவென்பதையும் எழுத வேண்டும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது ஏதோ ஒரு பழைய கணக்குப் புத்தகமாகத் தோன்றக்கூடும். ஒரு பிள்ளையின் சேர்விலக்கம், பிறந்த திகதி, பெற்றாரின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அதில்தான் இருந்தன; அதைப் பார்த்துத்தான், விலகும் பிள்ளைக்குக் கொடுக்கும் விடுகைப் பத்திரத்தை எழுத முடியும்; விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளை இன்னொரு பாடசாலையின் வாசலில் நின்று தான் யார் என்று விளக்க வேண்டியிருக்கும். நாவற்குழிப் பாலத்தைச் சனம் அடி அடியாகக் கடந்த அந்த இரவுக்குப் பின், தென்மராட்சியில் மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்புகள் தொடங்கியபோதும், பல குடும்பங்கள் வன்னிக்குப் போனபோதும், அந்தத் தாள்கள் எத்தனை பிள்ளைகளுக்குப் பயன்பட்டன என்பதை அம்மாவின் பழைய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும் உங்கள் மனக்குறை மாறாமல் இருக்கலாம். இருக்கட்டும். ஐயாவின் படம் போனது போனதுதான். அந்த வரியை இடாப்பின் பெருமையால் மூடி எழுத வேண்டாம்.

என் தாயாரும் ஒரு ரீச்சர்தான். அவருடைய வகுப்பில் இருந்த ஓராண்டு முழுவதும் மற்றப் பிள்ளைகளுக்கு ஓர் அடி என்றால் எனக்கு இரண்டு. ஒருநாள் வாய் தவறி "அம்மா" என்று கூப்பிட்டபோது வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடசாலைப் படலையைத் தாண்டி எங்கள் ஒழுங்கையின் முடக்குக்கு வந்த பின்னர்தான், வெண்கட்டித் தூள் படிந்த விரல்களால் என் கையைப் பிடிப்பார். உங்களுக்கும் அப்படி ஒரு முடக்கு இருந்திருக்கும். அதைத் தேடுங்கள்.

சகோதரர்களிடமும் சில கேள்விகளைக் கேளுங்கள். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டுச் சிறிதளவு எண்ணெய் விட்டு எரித்த விளக்குக்கு அருகில் முதலில் இருந்து படித்தது யார், நீங்களா அல்லது புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமான அயல் வீட்டுப் பிள்ளையா? கொப்பிகளைத் திருத்தி முடித்த பின் அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். 1945இல் வந்த இலவசக் கல்வியையும், 1960 டிசெம்பரில் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறியதையும் சொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரு வசனம் போதும். அம்மா பணியில் சேர்ந்த ஆண்டே அந்தப் பாடசாலைகளை நடத்திய மனேச்சர்மாரின் காலம் முடிந்த ஆண்டு என்பது மட்டும் தெரிந்தால் சரி.

கேள்வி: கல்வெட்டில் காலமான நாளைச் சொல்லும் திதி வெண்பாவை இக்காலத்தில் யாரும் வாசிப்பதில்லையே, விட்டுவிடலாமா?
— வாசகர், உரும்பிராய்

பதில்: விடவேண்டாம். காலமான ஆண்டு, மாதம், பட்சம், திதி யாவும் நான்கு அடிக்குள் அடங்கியிருப்பதால், ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது உதவும். ஆனால் யாப்புத் தெரிந்தவரிடம் கொடுத்து எழுதுவியுங்கள். தமிழ் படிப்பித்த ஒருவரின் கல்வெட்டில் தளை தட்டும் வெண்பா வந்தால், அவர் இருந்திருந்தால் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

கேள்வி: மேலே கேட்ட வாசகியே மீண்டும் எழுதுகின்றேன். அம்மாவின் றங்குப் பெட்டியில் பாடக்குறிப்புக் கொப்பிகளும், அந்தச் சேர்விடாப்பை அவர் தம் கையால் பிரதி பண்ணி வைத்த, சீ.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் கொப்பி ஒன்றும் இருக்கின்றன. மூல இடாப்பை 1996இல் ஊர் திரும்பியதும் பாடசாலையிடம் கொடுத்துவிட்டார். பெட்டியில் உள்ள கொப்பிகளில் கறையான் பிடிக்கத் தொடங்கியுள்ளது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கொப்பிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, தூரிகையால் தட்டித் துடையுங்கள், வெயிலில் போட்டால் தாள் முறுகி ஒடியும். பாடக்குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் நம்மவர்களின் நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கின்றது. கல்வெட்டு அச்சானதும் ஒரு பிரதியை அங்கும் சேர்ப்பியுங்கள். சீ.ஆர். கொப்பியை மட்டும் பொதுவில் விட வேண்டாம். அதில் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதிகளும் பெற்றாரின் பெயர்களும் உள்ளன. அதன் ஒரு பிரதியைப் பாடசாலை அதிபரிடம் நேரில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், உங்கள் சேர்விலக்கம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, பெற்றார் என்ற நிரலில் அம்மா தம் கையெழுத்தில் ஐயாவின் பெயரை எப்படி எழுதியிருக்கின்றார் என்று பாருங்கள். படம் இல்லாத கல்வெட்டில் அந்த ஒரு வரியை அச்சிடலாம்.