ஸ்டீரியோவுக்காகப் பெரிய மிக்ஸர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் சின்னதாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் கொடை சீசனில் வில்லுப்பாட்டுக் குழுக்களுக்குத்தான் அதிகம் போகிறோம். டேப்லெட்டில் இயக்கும் பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18 மிக்ஸர் வாங்க நினைத்தேன். கடைக்காரரோ, "கீபோர்டு, ரிதம் பேட், லேப்டாப் மூணும் ஸ்டீரியோ, ரெண்டு ரெண்டு சேனலா போயிடும், 32 சேனல் எடுங்க" என்கிறார். எங்களுக்குப் பாடுகிறவர்கள் 4 பேர், உடுக்கை, குடம், தபேலாவுக்கு 2 மைக், ஜால்ரா, ஆர்மோனியம். எதை வாங்க? அப்புறம், பழைய மிக்ஸரில் லேப்டாப்பைச் சொருகினால் பாட்டில் இசை கேட்கிறது, குரலைக் காணோம். மிக்ஸர் கோளாறா?

பதில்: சின்னதே போதும். கணக்கைப் பாருங்கள். நீங்கள் சொன்ன மைக்குகள் மொத்தம் 10. எக்ஸ்ஆர்18-ல் மைக் இன்புட் 16, அது போக 17, 18 என்று ஒரு ஜோடி லைன் இன்புட். லேப்டாப்பை அந்த ஜோடியில் கொடுத்துவிட்டால் மைக் பக்கம் 6 மிச்சம். கீபோர்டையும் பேடையும் ஸ்டீரியோவாகவே எடுத்தாலும் 4தான் போகும்.

ஆனால் கொடையில் அவற்றை ஸ்டீரியோவாக எடுக்கத்தான் வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பேடில் வலது பக்கம் வைத்த உருட்டு, இடது பாக்ஸுக்கு எதிரே இருப்பவருக்குச் சரியாகக் கேட்காது. தெருவில் கட்டும் ஸ்பீக்கர்கள் இன்னும் மோசம்: ஒரு தெருவுக்கு இடது லைன், அடுத்த தெருவுக்கு வலது லைன் என்று இழுத்துவிட்டால் ஆளுக்குப் பாதிப் பாட்டுதான். வெளியே போகும் சத்தம் மோனோவாக, அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒன்றாக, இருப்பதே இங்கே நல்லது. யூடியூபுக்குப் பதிவு வேண்டுமென்றால், இதே பெட்டி யுஎஸ்பி வழியாக 18 சேனலையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். குரல்களையும் மேளத்தையும் வீட்டில் உட்கார்ந்து இடம் வலமாகப் பரப்பிக்கொள்ளலாம்.

கீபோர்டின் பின்னால் இடது ஜாக்கில் பெரும்பாலும் 'மோனோ' என்றும் போட்டிருக்கும். அதில் மட்டும் கேபிள் சொருகினால் கீபோர்டே இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தந்துவிடும். சேரும்போது சில ஸ்டீரியோ பியானோ டோன்கள் வெளிறிப்போகும். வாசிப்பவரிடம் வேறு டோன் மாற்றச் சொல்லுங்கள். 17, 18 ஜோடி எப்போதும் ஸ்டீரியோவாகவே நிற்கும், ஆகவே லேப்டாப்பை மோனோவாக்க மிச்சமிருக்கும் இரண்டு மைக் சேனலில் கொடுத்து, இரண்டையும் பேனில் (சத்தத்தை இடம் வலம் தள்ளும் கட்டுப்பாடு) நடுவுக்குக் கொண்டுவந்தால் சரி. சத்தம் கொஞ்சம் கூடும், ஃபேடரை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு அவுட்புட்டை ஒய் கேபிளில் ஒன்றாக முறுக்கி ஒரே சேனலில் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இரண்டு சேனலை ஒரு ஜோடியாகக் கட்டும் ஸ்டீரியோ லிங்க் தேவைப்படும் நாளும் வரும். அப்போது 11-12, 13-14 என்று ஒற்றைப்படையில் தொடங்கும் ஜோடியைத்தான் ஆப் சேர்க்கும், 12-13 சேராது. கேபிளை ஆரம்பத்திலேயே அதற்கேற்பப் போடுங்கள். மேடையில் பாடுகிறவர்களுக்குக் கேட்க அனுப்பும் மானிட்டர் லைன் 6-க்கும் இதே கதை. ஸ்டீரியோவாக லிங்க் செய்தால் 3 ஆகிவிடும். இதையெல்லாம் காசு கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். இந்த மிக்ஸரை இயக்கும் எக்ஸ் ஏர் எடிட் மென்பொருள் இலவசம், மிக்ஸர் இல்லாமலேயே கம்ப்யூட்டரில் திறக்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் ஒன்று வாங்குங்கள். கொடைக் கூட்டத்தில் அத்தனை பேர் போனும் ஆனில் இருக்கும். மிக்ஸரின் உள் வைஃபையை நம்பி நடு ராத்திரி டேப்லெட்டும் கையுமாக நிற்க முடியாது.

குரல் காணாமல் போவது மிக்ஸர் கோளாறில்லை, கேபிள் கோளாறு. லேப்டாப்பின் 3.5 எம்எம் ஜாக்கில் வருவது இடது, வலது இரண்டும். அதை ஸ்டீரியோ கேபிளில் அப்படியே ஒரு பேலன்ஸ்டு இன்புட்டில் சொருகினால், மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். பாட்டில் குரல் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் கழிந்துபோகிறது. பக்கவாட்டில் வைத்த இசைதான் மிஞ்சும். ஒரு முனையில் 3.5 எம்எம், மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக் உள்ள கேபிள் வாங்கி இரண்டு சேனலில் கொடுங்கள். இந்தக் கேபிளுக்காக யாரும் மிக்ஸரை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: லேப்டாப்பில் கேண்டபைல் என்ற மேடை இசை மென்பொருள் போட்டு வாசிக்கிறேன். மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்தால் இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறது. இன்டர்ஃபேஸைத் திருப்பிக் கொடுக்கலாமா? – சங்கரன்கோவில் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸை மென்பொருள் ஒரு ஸ்டீரியோ ஜோடியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் இன்புட்டில் உள்ள மைக் இடது, காலியாக இருக்கும் இரண்டாவது வலது. ஆடியோ செட்டிங்கில் முதல் இன்புட்டை மட்டும் மோனோ போர்ட்டாக வைத்து, அதை எஃபெக்டின் இடது, வலது இரண்டுக்கும் அனுப்புங்கள். இதே மாதிரியான கிக் பெர்ஃபார்மர் மென்பொருளிலும் இதே வேலைதான், அங்கே வயரைக் கண்ணால் பார்த்தே இழுத்துவிடலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்ஸரில் 4 சேனல் வேலை செய்யவில்லை. விற்றவர் வெளிமாநிலம். "தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்கிறார். – களக்காடு வாசகர்

பதில்: சும்மா மிரட்டுகிறார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. ஆள் வைத்துப் பல செட் ஓட்டும் பெரிய நிறுவனம் என்றால் வாதம் வேறு. அவர் ஊருக்கு நீங்கள் போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. கோளாறு தெரிந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பில்லையும், அந்த 4 சேனலில் நல்ல மைக்கைச் சொருகிக் காட்டும் வீடியோவையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.