94-க்கு மேல் ஏறாத வேகம்

கேள்வி: வீட்டு இன்டர்நெட்டுக்கு 200 எம்பிபிஎஸ் வேக பிளான் போட்டிருக்கிறோம். ரூட்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் 94-தான். மாடி அறையில் 8. லைனில் கோளாறு இல்லை என்கிறார்கள். என்ன செய்ய?
- வாசகி, தக்கலை

பதில்: அம்மா, அந்த 94-தான் துப்பு. 100-க்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். ஃபைபர் பெட்டியிலிருந்து ரூட்டருக்குப் போகும் லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் எட்டும் வேலை செய்யணும். அந்தக் கூடுதல் நாலில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு நிற்காது, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். குளச்சலில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். போன வருஷம் இதே தொல்லை. கேபிளைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், பிளக்கின் ஓரத்து ஊசியில் பச்சைக் களிம்பு! உப்புக்காற்று உபயம். கேட் 5இ என்ற வகை லேன் கேபிள் ஒன்று வாங்கி மாற்றியதும் சரியானது. உங்கள் ரூட்டரில் கேபிள் செருகும் துளைகளே 100-க்கு மேல் தாங்காத பழைய மாடலா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

மாடிக் கதை வேறு. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், கான்கிரீட் தளத்தைத் தாண்டும் தெம்பு குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும், ஆனால் வேகம் குறைவு. ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதா? (பாதி வீடுகளில் அங்கேதான் வைக்கிறார்கள்.) படிக்கட்டுப் பக்கம் உயரமாக மாட்டுங்கள். அப்புறமும் 8-தான் என்றால், மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து இன்னொரு ரூட்டர் வையுங்கள்.